வெடியொலி வென்ற வளவன்

மலைக்கோட்டை உச்சியில் வீற்றிருக்கும் பிள்ளையாரே, முறம்போல் செவி விரித்தவரே, முதற்கண் அச்செவிகளைப் பொத்திக்கொள்ளும்! வாழ்க வளவன்! ஒலிமானியே வாளாக, மடிக்கணினியே கேடயமாக, காற்றின் திசையும் மேகத்தின் தாழ்வும் கணக்கிட்டு, வெடிக்குமுன்னரே வெடியின் குரலை அளந்துரைக்கும் இன்ஜினீயர் குலதிலகம் வாழ்க!

எடமலைப்பட்டி புதூரில் அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் தோண்டிய குழியில், கும்பகர்ணன் படுத்தாற்போல் ஒரு பாறை கிடந்தது. வெடிவைத்தே தீரவேண்டும். எதிர்வீட்டிலோ, தடுப்பூசிக் காய்ச்சலில் இரவெல்லாம் கதறிய கைக்குழந்தை அப்போதுதான் சேலைத் தொட்டிலில் கண்ணயர்ந்திருந்தது. அதன் தாய் மகாலட்சுமி, சத்தம் வருமென்று கொலுசைக்கூடக் கழற்றிவைத்துவிட்டு, வீரன்முன் வந்து நின்றாள்.

“சார், இப்பதாங்க தூங்குறான். மறுபடி முழிச்சான்னா என்னால முடியாதுங்க. நாளைக்கு வச்சுக்கக் கூடாதா?”

வளவன் நகைத்தான், தலைக்கவசம் அதிர நகைத்தான்.

“அஞ்சற்க தாயே! பாறைத் துளைகளை ஒருசேர வெடிக்கவிடேன், ஒன்றன்பின் ஒன்றாய் வெடிக்கவைப்பேன்! மணல்மூட்டை அடுக்கினேன், ரப்பர்ப் போர்வை போர்த்தினேன், காற்று அப்பால் திரும்பும்வரை காத்துநின்றேன்! உம் குக்கர் விசிலை மிஞ்சிய ஓசை அத்தொட்டிலைத் தீண்டுமாயின், இம்மானியைக் காவிரியில் எறிவேன்!”

“அதெல்லாம் சரிங்க. தூங்குவான்ல?”

“தூங்குவான்!”

இத்தனை முன்யோசனை படைத்த பெருமகன், முறைப்படி ஊரை எச்சரியாமல் விடுவானா? அவன் விரலசைத்தான். இருபுறமும் கூம்பு ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ, கொம்பு சிலுப்பிய காளைபோல் தெருவுக்குள் பாய்ந்து, நேரே மகாலட்சுமியின் சன்னலடியில் நின்றது. ஓட்டிவந்த பாலு மைக்கைத் தட்டி, ஊழிக்காலத்து இடியெனத் தொண்டை செருமினான்.

“ஹலோ! ஹலோ! பொதுமக்கள் கவனத்திற்கு! லேசான சத்தம் வரலாம்! கைக்குழந்தை வச்சிருக்கிற தாய்மாருங்க பயப்பட வேண்டாம்ங்க!”

தொட்டில் குலுங்கியது. ஏழுலகும் கேட்க எழுந்தது அலறல்.

அதன்பிறகே பாறை பிளந்தது. என்ன சத்தம் என்கிறீர்கள்? ‘பொத்.’ ஈரத்துணி தரையில் விழுந்த சத்தம். மதில்மேல் இருந்த காகம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வளவனோ மானியை வெற்றிக்கொடியாய் உயர்த்தி, “கண்டீரோ! குக்கர் விசிலுக்கும் தாழ்ந்தது! சொன்னசொல் காத்தேன்!” என்று முழங்கினான். அழுகையில் அம்முழக்கம் யாருக்கும் கேட்கவில்லை.

தோளில் குழந்தையோடு வாசலுக்கு வந்தாள் மகாலட்சுமி.

“கிழிச்சீங்க! வெடிக்கு எந்திரிக்கலங்க, உங்க ஆட்டோவுக்கு எந்திரிச்சான்!”

வளவன் தன் மானியை ஒருமுறை பார்த்தான். பின், ஆட்டோவின் ஓசை தன் அளவைக்குட்பட்டதன்று எனத் தெளிந்து, தேரேறும் மன்னன்போல் ஜீப்பேறினான்.

குழந்தையைத் தோளிலிருந்து இறக்க முடியாததால், மத்தியானம் மகாலட்சுமி வீட்டில் சமைக்கவில்லை. கடையில் தயிர்சாதம் வாங்கிக்கொண்டார்கள்.