பழைய கையெழுத்து

"கையெழுத்து என்னோடதுதான் சார்," என்றார் ஹாஜா.

வக்கீல் காந்திமதிநாதன் கதவை ஒரு பார்வை பார்த்தார். "பைய பேசும்வே. எங்கிட்ட சொல்லியாச்சு, சரி. கூண்டுல ஏறிச் சொல்லிராதேயும்."

ஹாஜாவுக்குப் பேட்டையில் லேத்துப் பட்டறை. இரும்புக் கடை பலவேசம் அண்ணாச்சியிடம் கடனுக்குச் சரக்கு எடுத்தபோது, கையெழுத்து மட்டும் போட்ட செக் ஒன்றை வீட்டிலிருந்து ஆட்டோவில் வரவழைத்து, உத்தரவாதத்துக்குக் கொடுத்திருந்தார். கடனை அடைத்த பிறகும் அதைத் திருப்பிக் கேட்க வெட்கப்பட்டார். அண்ணாச்சி அப்படி வெட்கப்படுகிற ஆள் இல்லை. எட்டு லட்சம் என்று எழுதி வங்கியில் போட்டார். பணமில்லை என்று திரும்பியதும் வழக்கும் போட்டார். தோற்றால் பட்டறையை விற்றுக் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் ஹாஜா உள்ளே போவார்.

"தொகையை எழுதினது அவருல்லா சார்?"

"கையெழுத்து உம்மோடதுன்னா கடனும் உம்மோடதுன்னுதான் சட்டம் நெனைக்கும். கடனை அடைச்சதுக்கு ரசீது இருக்கா?"

"அண்ணாச்சிகிட்ட எப்படி சார் ரசீது கேக்க?"

"அப்ப கையெழுத்தே உம்மோடது இல்ல."

ஹாஜா கூண்டில் ஏறி அப்படியே சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் அலட்டிக்கொள்ளவே இல்லை. ஹாஜா கையெழுத்திட்ட வக்காலத்தையும் செக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். செக்கில் கையெழுத்தின் வால் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

"இனிமே வேற மாதிரி கையெழுத்துப் போடும்," என்றார் காந்திமதிநாதன். "பேங்குலயும் மாத்திரும். வக்காலத்துல அவசரத்துல கிறுக்குனதுன்னு சொல்லிக்கிடலாம்."

ஹாஜா பழைய பில்களின் முதுகில் புதுக் கையெழுத்தைப் பழகி, வங்கியிலும் மாற்றினார். மகள் தஸ்மியாவின் நிக்காஹ்வுக்காக மண்டபக்காரரிடம் அடுத்த மாதத் தேதி போட்டுக் கொடுத்திருந்த செக் மட்டும் நினைவுக்கு வரவில்லை. அதில் இருந்தது பழைய கையெழுத்து. கணக்கில் பணம் இருந்தும், கையெழுத்து பொருந்தவில்லை என்று வங்கி அதைத் திருப்பிவிட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்ட கதைதான்.

மண்டபக்காரர் பலவேசம் அண்ணாச்சிக்குச் சம்பந்தி. திருநெல்வேலியில் யாருக்கும் யாரும் தூரமில்லை. திரும்பிய செக் நேராகக் கோர்ட்டுக்குப் போய், ஹாஜாவின் பழைய கையெழுத்துக்குச் சாட்சி சொன்னது. எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சென்னையில் கையெழுத்து நிபுணருக்கு அனுப்பும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிட்டார்.

"ரிப்போர்ட்டு வந்துட்டா, பொய்ச் சத்தியம் பண்ணுனதுக்கும் சேத்து மாட்டுவீரு," என்று வக்கீலே கையை விரித்தார்.

வீட்டில் எதுவும் தெரியாது. கோர்ட்டுக்குப் போகிற நாளெல்லாம் சரக்கெடுக்கப் போவதாகச் சொல்லி வந்தார் ஹாஜா. ஒன்பது வருஷம் சவுதியில் இருந்தபடியே குடும்பத்தை ஆண்டதாக அவருக்கு நினைப்பு. உண்மையில் ஆண்டது மனைவி மஹ்மூதா பீவி.

பயம் அவரை அரித்துத் தின்றது. ரிப்போர்ட் வருவதற்குள், அடுத்த வாய்தாவிலேயே கூண்டில் ஏறினார். வக்கீல் கண்ணைக் காட்டித் தடுக்கத் தடுக்க, "அய்யா, கையெழுத்து என்னோடதுதான். பொய் சொல்லிட்டேன்," என்றார். சொன்னதும் நெஞ்சு லேசானது.

"அப்ப ரிப்போர்ட்டே தேவையில்லை," என்றார் மாஜிஸ்திரேட். எட்டு லட்சம் கட்ட வேண்டும், தவறினால் ஒரு வருஷம் சிறை என்று தீர்ப்பானது.

லேத்தை விற்பதென்றால் வீட்டில் சொல்லித்தானே ஆக வேண்டும். ஹாஜா தலையைக் குனிந்தபடி முழுக்கதையும் சொல்லி முடித்தார். மஹ்மூதா பீவி அழவில்லை. செக்கின் நகலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஏங்க, பீரோவுல கையெழுத்துப் போட்ட செக்கு இருக்கும், ஆட்டோவுல கொடுத்துவிடுன்னு கடையில நின்னுக்கிட்டு போன்ல ஏசுனீங்களே, அந்தச் செக்கா?"

"அதான்."

"அன்னைக்கு பீரோவுல கையெழுத்துப் போட்ட செக்கு ஒண்ணும் இல்லங்க. நீங்க சவுதியில இருக்கும்போது பிள்ளைங்க மார்க் சீட்டுல உங்க கையெழுத்தைப் போடுவேம்லா, அதே மாதிரி நாந்தான் போட்டுக் கொடுத்துவிட்டேன்."