பின்னறை டீச்சரம்மா

எங்கள் வீட்டுப் பின்னறையில் பேய் இருக்கிறது என்று முதலில் சொன்னவன் நான்தான். நான் சொன்ன அன்றைக்கு அங்கே பேய் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

எனக்குப் பூட்டு வேலை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பதினொரு வருஷமாகக் கான்ட்ராக்டில் இருக்கிறேன். நானூற்றுச் சொச்சம் கதவு. எது சிக்கினாலும், எவர் சாவியைத் தொலைத்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆபரேஷன் தியேட்டர் கதவு டாக்டர் பேச்சைக் கேட்காது, என் பேச்சைக் கேட்கும். அப்படிப்பட்ட என்னை ஒருநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டு, "அண்ணே, புது ரூல் வந்திருக்கு. பத்தாவது சர்டிபிகேட் இல்லாதவங்களுக்கு அடுத்த வருஷம் வேலை இல்லையாம்" என்றார்.

"கதவு ஒண்ணும் சர்டிபிகேட் கேக்கலியே தம்பி?"

"ஆபீஸ் கேக்குதுண்ணே. வீட்ல இருந்தே தபால்ல படிக்கலாம். பத்து மாசம் டைம் இருக்கு."

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. வீட்டுக்குப் போனேன். அடுப்படி வாசலில் நின்று, மார்பை நிமிர்த்தி அறிவித்தேன்.

"நான் படிக்கப் போறேன்."

என் மனைவி துணி வெளுக்கிற கம்பெனியில் இஸ்திரி போடுகிறவள். வீட்டிலும் எதையாவது மடித்துக்கொண்டேதான் பேசுவாள். "கண்ணாடி டிவி மேல இருக்கு" என்றாள்.

"பேப்பர் இல்லடி. பத்தாவது!"

மடிக்கிற கை நின்றது. "நீங்கதான் பத்தாவது பாஸாச்சே? பொண்ணு பாக்க வந்தப்ப உங்க அக்கா சொன்னாங்களே?"

இருபத்தெட்டு வருஷமாக நன்றாக ஓடிக்கொண்டிருந்த பொய். நடு வீட்டில் பஞ்சர்.

"பாஸுதான். சர்டிபிகேட்டு தொலைஞ்சு போச்சு."

"அடப்பாவமே. எங்க தொலைஞ்சுது?"

"கணக்குப் பரீட்சை ஹால்ல" என்று வாய் முந்திக்கொண்டது.

அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவளிடம் எனக்குப் பயம். "படிங்க, படிங்க. நான் எட்டாவதோட நின்னவ. எனக்கும் நாலு விஷயம் தெரிஞ்ச மாதிரி இருக்கும்" என்றாள்.

புத்தகங்கள் வந்தன. படிக்க நேரம்தான் வரவில்லை. காலை ஏழுக்கு டூட்டி. செவ்வாயும் வெள்ளியும் டூட்டியை மத்தியானத்துக்கு மாற்றிக்கொண்டு, மாமனாரைச் சிறுநீரக மெஷினுக்குக் கூட்டிப் போகவேண்டும். எட்டு மணிக்குக் கிளம்பினால் ஒரு மணிக்குத் திரும்புவோம். மாமனாருக்குக் காது மந்தம். காதில் வைக்கிற மெஷினைச் சட்டைப்பையில் வைத்திருப்பார். பேட்டரி தேயுமாம்.

மிச்ச நேரத்தில் பின்னறையில் உட்கார்ந்து கணக்குப் புத்தகத்தைத் திறப்பேன். உடனே உள்ளங்கை வேர்க்கும். நெஞ்சு யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி அடித்துக்கொள்ளும். டாக்டர் பார்த்துவிட்டு, இதயம் நன்றாகத்தான் இருக்கிறது, இது மனசுப் படபடப்பு என்றார். நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு என்றார். எண்ணுவதும் கணக்குதானே டாக்டர் என்று கேட்க நினைத்தேன்.

மூன்று மாதம் போனது. மூன்று பாடம்கூடப் போகவில்லை. விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் பெண்டாட்டியிடம் போய், "எனக்குப் பயமா இருக்கு, படிக்க மாட்டேன்" என்று எப்படிச் சொல்வது? கௌரவமான காரணம் ஒன்று வேண்டும். அப்போதுதான் பின்னறை நாற்காலி கண்ணில் பட்டது.

கை வைத்த பழைய மர நாற்காலி. எங்களுக்கு முன்னால் இந்த வீட்டில் ஒரு ரிட்டயர்டு டீச்சர் தனியாகக் குடியிருந்தார். பின்னறையில்தான், அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் போயிற்று என்று வீட்டுக்காரர் சாவி கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்.

"இந்தா, ஒரு விஷயம்" என்றேன் மனைவியிடம், குரலைத் தாழ்த்தி. "அந்த ரூம்ல படிக்க முடியல. யாரோ இருக்காங்க."

"யாரு?"

"அந்த டீச்சரம்மா. மூச்சு விடுற சத்தம் கேக்குது. நாற்காலி தானா முனகுது."

அலறுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு தலையணை உறையை நாலாக மடித்தாள்.

"என்ன பாடம் எடுத்தாங்களாம்?"

"யாரு?"

"டீச்சரம்மாதான். கணக்குன்னா விட்றாதீங்க. சந்தேகம் இருந்தா கேட்டுக்கங்க."

"ஏய், செத்துப்போனவங்கடி!"

"செத்தா படிச்சது மறந்துருமா?"

இவளிடம் பேசிப் பயனில்லை என்று செயலில் இறங்கினேன். புத்தகம், நோட்டு எல்லாவற்றையும் உள்ளே மேசைமேல் வைத்தேன். நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். "அவங்க நிம்மதியா இருக்கட்டும், நாம தொந்தரவு பண்ண வேணாம்" என்று சொல்லி, என்னிடமிருந்த பூட்டுகளிலேயே பெரியதை மாட்டினேன். உள்ளே எட்டு லீவர் தகடு. நானே கழற்றி, நானே மாற்றி அமைத்து, நானே சாவி வெட்டிய பூட்டு. சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். படிப்பு உள்ளே, நான் வெளியே. மூன்று மாதத்தில் அன்றுதான் நெஞ்சு அடங்கிக் கிடந்தது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம். மாமனார் முன்னறையில் தூங்குகிறார். மனைவி வேலைக்குப் போயிருக்கிறாள். என் சின்ன அரம் பின்னறையில் மாட்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. பூட்டைத் திறந்தேன். எட்டு லீவரும் ஒழுங்காக விழுந்தன. கதவைத் தள்ளினேன்.

நாற்காலி வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

அதன் கைமேல் என் நோட்டு விரிந்து கிடந்தது. மூடி மேசைமேல் வைத்த நோட்டு. பக்கத்தில் சிவப்பு மை. சாய்ந்த, பழங்காலத்து எழுத்து.

"மூன்றாம் கணக்கில் கழித்தல் குறி விட்டுப்போயிற்று. மீண்டும் செய்."

ஜன்னல் உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. வெயில் கம்பி கம்பியாக நாற்காலிமேல் விழுந்தது. உட்காருகிற இடத்தில் மட்டும் தூசி இல்லை.

நான் கத்தவில்லை. கத்துவதற்குத் தொண்டை வேண்டுமே. அரத்தை மறந்தேன். நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பூட்டி, மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன்.

சாயங்காலம் மனைவி வந்ததும் நோட்டை நீட்டினேன். அவள் எட்ட வைத்துப் பார்த்தாள், கிட்ட வைத்துப் பார்த்தாள். "கோழி கிறுக்கின மாதிரி இருக்கு. என்ன எழுதியிருக்கு, நீங்களே படிங்க" என்றாள். படித்தேன். என் குரல் எனக்கே வேற்றாள் குரல் மாதிரி இருந்தது.

"விட்டுப்போச்சா, இல்லியா?" என்று கேட்டாள்.

"எது?"

"அந்தக் குறி."

பார்த்தேன். விட்டுத்தான் போயிருந்தது.

"அப்ப செஞ்சு வச்சிடுங்க. கேட்டதக் குடுத்தா அவங்க ஏன் நம்மகிட்ட வரப்போறாங்க?"

செய்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கணக்கை மூன்று முறை சரிபார்த்தேன். நோட்டை உள்ளே வைத்துப் பூட்டினேன். புதன்கிழமை எட்டிப் பார்த்தேன். சிவப்பில் ஒரு டிக். கீழே, "சரி. அடுத்த பயிற்சியில் பத்துக் கணக்கு."

இப்படியே போயிற்று. கொஞ்ச நாளில் கவனித்தேன். திங்கட்கிழமை வைத்தால் புதன்கிழமை திருத்தியிருக்கும். புதன்கிழமை வைத்தால் சனிக்கிழமை வரை காத்திருக்கும். அதாவது டீச்சரம்மா வருவது செவ்வாயும் வெள்ளியும். அந்த இரண்டு நாளும் ஆவி நடமாடுகிற நாள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். பேய் என்றால் ராத்திரி வரும், ஒத்துக்கொள்கிறேன். இது பகல் டூட்டி, அதுவும் கிழமை தவறாமல். என் பதினொரு வருஷ சர்வீஸில் அவ்வளவு ஒழுங்கு கிடையாது.

பூட்டை மாற்றினேன். அப்படியும் டீச்சரம்மா திருத்தம் நிற்கவில்லை. "ஏழும் எட்டும் ஐம்பத்தாறு. ஐம்பத்து நான்கு அல்ல. வெட்கம்." அந்த 'வெட்கம்' என்ற வார்த்தையைப் பார்த்து இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். கணக்கைப் பார்த்தால் வருகிற படபடப்பு எங்கேயோ போய்விட்டது. கணக்குப் போடாமல் வைத்தால் என்ன ஆகுமோ என்ற படபடப்பு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மெஷின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போட்டேன். வார்டு கதவுக்கு எண்ணெய் விடும்போது வாய்ப்பாடு சொன்னேன். நர்ஸம்மா ஒருத்தி நான் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்து ஒதுங்கிப் போனாள்.

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை. மெஷின் ரிப்பேர், நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒன்பது மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டோம். மாமனாரைத் தாங்கிக்கொண்டு முன்கதவைத் திறக்கிறேன். உள்ளேயிருந்து குரல்.

பின்னறையிலிருந்து. மெதுவாக, இழுத்து, ஒரு பெண் குரல்.

"முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல்... நூற்றெண்பது..."

நின்றது. பிறகு நாற்காலி முனகியது. பிறகு அதே குரல். "நூற்றெண்பது... நூற்றெண்பது..."

"மாமா, கேக்குதா?" என்றேன்.

"ஆமா, பசிக்குது" என்றார் மாமனார்.

கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். அவரைத் தெருமுனை டீக்கடைக்கு நடத்திக்கொண்டு போய் ஒரு மணி வரைக்கும் பெஞ்சில் உட்கார்த்தி வைத்தேன். நாலு எண்ணி இழுத்தேன், ஆறு எண்ணி விட்டேன். மூச்சு எண்ணிக்கைக்கு அடங்கவில்லை. திரும்பி வந்தபோது பின்னறை பூட்டியிருந்தது. வீட்டில் ஆள் இல்லை.

கணக்குப் பரீட்சை நாள் வந்தது. காலையில் பழைய படபடப்பு வட்டியோடு வந்துவிட்டது.

"எனக்குக் காய்ச்சல்" என்றேன் படுத்தபடி.

மனைவி நெற்றியைத் தொட்டாள். "ஆமாங்க, லேசா சுடுது. படுத்துக்கங்க. இன்னைக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு நான் போறேன். வீடு அமைதியா இருக்கும், நல்லாத் தூங்குங்க." கிளம்பும்போது, "பேனா அந்த ரூம்லதானே இருக்கு? எடுத்துக் குடுங்க, ஆஸ்பத்திரில எழுத வேண்டியிருக்கும்" என்றாள்.

திறந்தேன். நோட்டு விரிந்திருந்தது. ஒரே ஒரு வரி.

"நீ பரீட்சைக்குப் போகாவிட்டால் பரவாயில்லை. இன்று முழுவதும் நான் உன் கூடவே இருக்கிறேன்."

சட்டைப் பொத்தானைத் தெருவில்தான் போட்டேன். பரீட்சை ஹாலில் எண்பது பேர். எண்பதும் உயிரோடு இருக்கிறவர்கள். இருமினார்கள், தும்மினார்கள், ஒருவர் ஏப்பம் விட்டார். அவ்வளவு இதமாக எந்த இடத்திலும் நான் உட்கார்ந்ததில்லை. மணி அடித்த பிறகும் எழுந்து வர மனமில்லாமல் எழுதினேன்.

ரிசல்ட் வந்தது. எல்லாம் பாஸ். கணக்கில் அறுபத்தொன்று. நடு வீட்டில் நின்று மாமனாரின் காதருகே கத்தினேன். அவர் அன்றைக்கென்று காது மெஷினை மாட்டியிருந்தார்.

"அறுபத்தொண்ணா? பரவால்ல மாப்பிள. நம்ம பொண்ணு பன்னெண்டாவது கணக்குல தொண்ணூத்தி நாலு பர்சென்ட் வாங்கினா. சத்தம் போட்டுத்தான் படிப்பா, தெருவுக்கே பாடம் மனப்பாடம் ஆயிடும்."

என் மனைவி ஒரு போர்வையின் நாலு மூலையையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ... பன்னெண்டாவதா?"

"ஆமாங்க."

"எட்டாவதுன்னு சொன்னாங்களே!"

"நீங்க பத்தாவது பாஸுன்னு சொன்னாங்களே! மாப்பிள்ளைய விடப் பொண்ணு கூடப் படிச்சிருக்கக் கூடாதுன்னு தரகர் நாலு வகுப்பை வெட்டிட்டாரு. நீங்க ஒரு வகுப்பை ஒட்டிக்கிட்டீங்க."

"செவ்வாயும் வெள்ளியும்?"

"நீங்களும் அப்பாவும் ஆஸ்பத்திரிக்குப் போவீங்க. நான் அன்னைக்குப் பத்து மணி ஷிப்டு. வேற எப்ப வீடு காலியா இருக்கு?"

"எட்டு லீவர்டி! ஒரே சாவி, என் கழுத்துல! அதுக்கப்புறம் வேற பூட்டு!"

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "இருபத்தெட்டு வருஷமா யார் சாவி கேட்டாலும் உங்க கை ரெண்டா வெட்டும். ஒண்ணு கழுத்துக்குப் போச்சு. இன்னொண்ணு துவைக்கப் போட்ட சட்டைப் பைல கிடந்துச்சு. ரெண்டாவது பூட்டுக்கும் அதேதான்."

தொழில்காரனைத் தொழிலே காட்டிக்கொடுத்துவிட்டது. இருந்தாலும் நான் ஆம்பளை இல்லையா? தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"எனக்கு முதல்லயே தெரியும். நீ ஆசையா செய்யறியேன்னு பயந்த மாதிரி நடிச்சேன். எனக்குப் பேய்ப் பயமும் கிடையாது, பரீட்சைப் பயமும் கிடையாது, பாத்துக்க!"

"நிஜமாவா?"

"சத்தியமா!"

"அப்பாடா. அதுதான் எனக்குக் கவலையா இருந்துச்சு" என்று போர்வைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தாள். பன்னிரண்டாம் வகுப்பு விண்ணப்பம். சாய்ந்த எழுத்தில் எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. "கையெழுத்து மட்டும் போடுங்க. சூப்பர்வைசர் வேலைக்கு அதுதான் கேப்பாங்களாம்."

மறுக்க ஏதாவது கிடைக்குமா என்று பின்னறையை எட்டிப் பார்த்தேன். நாற்காலி காலியாக, வெயிலில், சும்மா நாற்காலியாக இருந்தது. அவசரத்துக்கு ஒரு பேய்கூட இல்லாத வீடு.