பதினாறு இஞ்ச் பிடிவாதம்

இந்த வருஷம் பனியில் வழுக்காத குளிர்கால டயரை நான்தான் தேர்ந்தெடுப்பது என்று முடிவு கட்டினேன். கார் புதுசு. அதற்கென்று ரிம்மோடு தனியாக நாலு டயர் வாங்க வேண்டும். என் மனைவி ஜிஸ்லேன் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற நர்ஸ். விடிந்தும் விடியாமலும் எங்கள் ஊரான சிகூட்டிமியின் மலைச்சாலையில் காரில் இறங்குவாள். பனி விழுந்தால் அந்தச் சரிவு கண்ணாடி மாதிரி வழுக்கும். பனி எப்போது தொடங்குமோ என்று வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது.

“இப்ப இருக்கறது பதினெட்டு இஞ்ச் ரிம். பனிக்குப் பதினேழு போடு,” என்றாள். “ரிம் சின்னதானா ரப்பர் உயரமா வரும். குழியில விழுந்தாலும் தாங்கும்.”

“அப்ப பதினாறு இன்னும் நல்லாத் தாங்குமே.”

“பதினாறு இந்தக் கார்ல ஏறாது, ரெஜான். காரோட வந்த புத்தகத்துல போட்டிருக்கு.”

“புத்தகம் எழுதினவன் நம்ம மலையில ஓட்டியிருக்கானா?”

“பிடிமானம் டயருக்கு இருந்தாப் போதும். உனக்குப் பிடிவாதம் வேண்டாம்.”

சொல்லிவிட்டு எழுந்து போனாள். பணிந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை அவள் தங்கையின் காரில் கடைக்குப் போனாள். நான் ரகசியமாக ஒருவரிடம் பதினாறு இஞ்ச் பழைய செட் ஒன்றை வாங்கிவந்து, ஜாக்கியை முறுக்கிக் காரைத் தூக்கி, ஒரு சக்கரத்தைக் கழற்றினேன். பதினாறு இஞ்ச் ரிம் பாதி போனது. அப்புறம் உள்ளே பிரேக்கில் இடித்து நின்றுவிட்டது. தள்ளினேன். உதைத்தேன். வெண்ணெய்கூடத் தடவிப் பார்த்தேன். விற்றவர் போனை எடுக்கவில்லை. அந்த நேரம் பார்த்து முதல் பனித்துகள் என் மூக்கில் விழுந்தது. குளிரிலும் முதுகு வியர்த்தது. திங்கட்கிழமை இவள் எதில் போவாள்?

பக்கத்து வீட்டு ஃபெர்னான் வேலிமேல் சாய்ந்தான். “என்ன, காரோட மல்யுத்தமா?”

“ரிம் கொஞ்சம் சுருங்கியிருக்கு.”

“குளிர் அப்படி.” வந்து குனிந்து பார்த்தான். “எங்கிட்ட பதினேழு ஒரு செட் கிடக்கு. உன் காருக்குச் சரியா இருக்கும். மாத்திக்கறியா?”

“பழசா?”

“புது டயர்ல நீட்டிட்டு நிக்குமே ரப்பர் முடி, அதுகூட இன்னும் உதிரலை.”

அவன் மனசு மாறுவதற்குள் என் நாலையும் அவன் வீட்டுக்கு உருட்டிவிட்டேன்.

ஜிஸ்லேன் வந்து இறங்கியபோது பனி கொட்டிக்கொண்டிருந்தது. பதினேழும் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. காரைச் சுற்றி வந்து டயரைத் தடவிப் பார்த்தாள்.

“யோசிச்சேன்,” என்றேன். “பதினேழுதான் சரின்னு பட்டுது.”

“நல்லது.”

“பாவம் ஃபெர்னான். புதுசைக் கொடுத்துட்டு என் பழசை வாங்கி ஏமாந்துட்டான்.”

“அந்தப் பதினேழு நான் செப்டம்பர்லயே வாங்கி அவன் கராஜ்ல வெச்சது.”

“அப்ப என் பதினாறு?”

“அவன் காருக்குப் பதினாறுதான் வேணும். தேடிப் போகக் கிளம்பினான். வீணா அலையாதே, ரெஜானே வாங்கிட்டு வருவான்னு நான்தான் நிறுத்தி வெச்சேன்.”