சிவப்புக் கோடு போடாத கொப்பி

வெள்ளவத்தையில் வரிக்காரருக்குப் பயப்படாத முதலாளிகள் உண்டு. இடாப்பு மாஸ்டருக்குப் பயப்படாத முதலாளி ஒருவரும் கிடையாது.

ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடமொன்றில் முப்பது வருடம் படிப்பித்துவிட்டு, மகளோடு இங்கே வந்து குடியேறியவர். இடையில் நின்றுபோன பிள்ளைகளின் பெயரை, தினமும் வரவு குறிக்கிற இடாப்பில் சிவப்புக் கோடு போட்டு வெட்டுவது பள்ளிக்கூட முறை. மனுசன் வெட்டவே மாட்டார். ஓய்வுபெற்றபோது வெட்டாத பெயர்களையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் கொழும்பில்தான் கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்கு நிற்கிறார்கள் என்று அடித்துச் சொல்வார்.

பிறகென்ன, புடவைக்கடைக்குள் நுழைந்து, சேலை பார்க்கிற சனத்துக்கு நடுவில் நின்று, செல்வராணி என்று பெயர் கூப்பிடுவார். துணி மடித்துக்கொண்டிருந்தவள் தன்னை மறந்து "பிரசன்ட் சேர்" என்பாள். முதலாளிக்கு வியர்த்துவிடும். சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி போட்டுக்கொண்டிருந்த முப்பது வயது மீசைக்காரன், தகடு இரண்டையும் வைத்துவிட்டுக் கைகட்டி நின்றானாம்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன், அவர் என் வீட்டு வாசல் கேற்றுக்கு வரும்வரை.

எங்கள் வீட்டில் வேலைக்கு நின்ற வசந்திக்குப் பதின்மூன்று வயது. கேட்டவர்களுக்குப் பதினெட்டு என்று சொல்லி வைத்திருந்தோம். காலை ஏழரைக்கு மாஸ்டர் கேற்றடியில் நின்று அவள் பெயரைக் கூப்பிட்டார். சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள்ளிருந்து "பிரசன்ட் சேர்" என்று பதில் வந்தது. என் மனிசி என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன்.

எப்போது பள்ளிக்கூடம் அனுப்புவீர்கள் என்று கேட்டார். தைப்பொங்கல் முடியட்டும் என்றேன். பொங்கல் முடிந்தது, வருடப்பிறப்பும் முடிந்தது. அவர் ஒருநாள் தவறாமல் வந்து கூப்பிட்டு, கொப்பியில் சைபர் போட்டுவிட்டுப் போனார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"அவள்தான் பதில் சொல்லுறாளே மாஸ்டர், பிறகேன் சைபர் போடுறீங்கள்?"

"பதில் சொல்றா சார். பள்ளிக்கூடத்துல இல்லையே."

மழை நாளொன்றில் அவர் வரவில்லை. அவருடைய செத்த வீட்டில் மகள் அந்தக் கொப்பியை என் கையில் தந்தாள். கடைசி வரையும் ஏழரைக்கு உங்கள் வீட்டுக்குப் போகவேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

மறுநாள் ஏழரைக்கு, ஆளில்லாத கேற்றைப் பார்த்து வசந்தி மெல்ல "பிரசன்ட் சேர்" என்றாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

அந்தக் கிழமையே அவளோடு ஹட்டன் பஸ் ஏறினேன். மாதச் சம்பளம் நிற்காது என்று அவளுடைய தாயிடம் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பெயர் எப்போதோ வெட்டுப்பட்டுவிட்டது என்றார் புது அதிபர். வெட்டவில்லை என்று கொப்பியை விரித்துக் காட்டினேன். பழைய இடாப்புகளில் கண்ட அதே கையெழுத்து என்றார் அதிபர். பிறகு வசந்தியை வகுப்புக்கு அனுப்பினார்.

நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே பெயர் கூப்பிட்டார்கள். வசந்தியின் குரல் கேட்டதும், அந்தச் சைபர்களுக்குப் பக்கத்தில் நீலப் பேனையால் ஒரு வரவுக் கோடு போட்டேன். மடியில் வைத்துப் போட்டதில் கோடு கோணிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள் மாஸ்டர், நான் பிந்திவிட்டேன்.