கரண்டுச் சித்தரின் பீங்கான் வில்லை

வேப்பூர் சாலையில் அன்று பதினோரு மின்சாரக் கார்கள் வரிசைகட்டி நின்றன. சார்ஜ் ஏற்ற அல்ல, அருள் ஏற்ற. கொட்டகைக்குள் கரண்டுச் சித்தர் கண் மூடி உட்கார்ந்திருந்தார். போன வருடம் வரை பேய் ஓட்டிக்கொண்டிருந்தவர். பேய் பிடித்தவர்களைவிடக் கார்ப் பைத்தியம் பிடித்தவர்கள் அதிகமானதும் தொழிலை மாற்றிக்கொண்டார்.

வரிசையில் ஏழாவது ஆள் விருத்தாசலம் பாவாடை. பீங்கான் பட்டறை முதலாளி. கரண்ட் அடுப்பில் கம்பிச்சுருள் பதிக்கும் வட்ட வில்லை செய்கிறவர். ஒவ்வொரு வில்லையையும் விரலால் தட்டி, சத்தத்திலேயே விரிசலைக் கண்டுபிடிப்பார். அப்பேர்ப்பட்டவர்தான், கார் விற்றவன் "ஒரு சார்ஜுக்கு முந்நூறு கிலோமீட்டர் ஓடும்" என்றதும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார். கார் நூறுக்கே மூச்சு வாங்கியது. தவணையும் இன்சூரன்ஸும் மட்டும் சொன்ன தேதியில் வந்து நின்றன.

மறுநாள் காலை பத்து மணிக்கு மகள் அமுதவள்ளிக்குத் திருச்சியில் நர்சிங் தேர்வு. நம் காரில்தான் போகிறோம் என்று பாவாடை தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நடுவழியில் நின்றால் மானம் போவது இருக்கட்டும், பெண்ணின் ஒரு வருடம் போய்விடும். அந்தப் பயத்தில்தான் மூவாயிரம் ரூபாயை நீட்டினார்.

சிஷ்யன் காரில் ஏறி, மந்திரித்துச் சிவப்புத் துணியில் சுற்றிய எந்திரத்தை இருக்கைக்கு அடியில் வைத்தான்.

"குளிர்காத்து ஆவாதுங்க, சக்தி ஓடிப்போயிடும்" என்று ஏசியை அணைத்தான். சங்கு ஊதினார்கள். இன்னும் எழுபத்திரண்டு கிலோமீட்டர் ஓடும் என்று காட்டிய திரை, தொண்ணூற்று நாலு காட்டியது!

"ராத்திரி பூரா ஊறட்டும், முந்நூறு வரும்" என்றார் சித்தர். பாவாடைக்குக் கண் கலங்கியது. பாதி பக்தி, பாதி புழுக்கம்.

மனைவி கனகா பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சாமி, கிலோமீட்டரு ஏறிச்சு, சரி. பக்கத்துல பேட்டரி எழுபது பர்சென்ட்டுன்னு இருந்துது. இப்பவும் எழுபதுதான இருக்குது?"

"கனகா, சும்மா இரு. சாமி குத்தம் ஆயிடப்போவுது!"

அவள் சும்மா இருக்கவில்லை. எந்திரத்தை எடுத்துக் கணவன் கையில் திணித்தாள். "சக்தி இப்ப உங்க கையில. வண்டியில இல்ல." திரையில் அதே தொண்ணூற்று நாலு. ஏசியைப் போட்டாள்: எழுபத்திரண்டு. அணைத்தாள்: தொண்ணூற்று நாலு.

பின்னால் நின்ற திட்டக்குடி ராஜமாணிக்கம் ஓடிப்போய்த் தன் காரில் ஏசியை அணைத்துப் பார்த்தார். "அட, பூசை பண்ணாமலே நம்மளதும் ஏறுதுங்க!"

"துணியைப் பிரிச்சிடாதீங்க, கண்ணு அவிஞ்சிடும்!" என்று சித்தர் அலறினார்.

பாவாடை கண்ணை இறுக மூடிக்கொண்டு பிரித்தார். கண் அவியவில்லை, திறந்தது. குங்குமத்தைத் துடைத்தால் உள்ளே வெள்ளைப் பீங்கான் வில்லை. பழக்கதோஷத்தில் தட்டினார். விரிசல் சத்தம். திருப்பினார். அடியில் மூன்று கோடு, அவர் பட்டறை முத்திரை. போன மாதம் கழித்துப்போட்ட வில்லைகளை மூட்டை இருநூறு ரூபாய்க்கு எவனோ வாங்கிப்போனான். இப்படியும் ஒரு ஏமாளியா என்று அன்று இரவு சாப்பிடாமல் சிரித்தவர் இதே பாவாடைதான்.

"இது நம்ம பட்டறை கழிவுங்க" என்றார். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார், வேறு வழி?

பணத்தைக் கேட்டுத் திரும்பினால் சித்தரைக் காணோம். கொட்டகையின் பின்பக்கமாக ஓடி, வந்த டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டிருந்தார். அவருக்குக் கார் கிடையாது. விவரமானவர்.

மறுநாள் விடிகாலை விருத்தாசலம் ஜங்ஷனில் மூவரும் ரயில் ஏறினார்கள். கார் வாங்கியதிலிருந்து பாவாடை அந்தப் பக்கமே வந்ததில்லை. தேர்வுக்கு ஒரு மணி நேரம் முன்பே அமுதவள்ளி வாசலில் நின்றாள்.

நாமெல்லாம் இருபது ரூபாய்ப் பீங்கானைத் தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டோம். முந்நூறு என்று சொல்கிறவன் கம்பெனிக்காரனோ சாமியாரோ, அவன் பேச்சையும் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். அதற்கு முன்னால் நம் தலையை ஒருமுறை தட்டிக்கொள்வது நல்லது. விரிசல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.