கோர்ட்டு கலையும் வரை

அன்புள்ள அண்ணாவுக்கு,

முழங்கால் தேறி, அண்ணியின் தோளைப் பிடிக்காமல் நடக்கத் தொடங்கியிருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நான் நலம். முதலில் முக்கியமான சேதி: இனி நீ வர வேண்டியதில்லை. வழக்கு முடிந்துவிட்டது. தோற்றுவிட்டேன். கீழ்வீட்டுக் கிளாரினெட் வாத்தியாரின் வாசிப்பைப் பொறுக்காமல் பால்கனியிலிருந்து பூந்தொட்டியை நான்தான் அவர்மேல் எறிந்தேன் என்று தீர்ப்பிலேயே எழுதிவிட்டார்கள்.

பதறாதே. நம் பழைய மாஜிஸ்திரேட் மாற்றலாகிப் போய்விட்டார். போலீஸ் கேட்டால் வாய்தா, வாத்தியார் கேட்டால் வாய்தா, யாருமே கேட்காவிட்டால் தனக்குத் தலைவலி என்று வாய்தா கொடுத்த அந்தப் புண்ணியவான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீ ரயிலேறி வந்தாய், கோர்ட்டு வாசலில் டீ குடித்தாய், இரண்டு நாள் என் சமையலைக் குறை சொன்னாய், போனாய். புதிதாக வந்தவர் வேறு ரகம். "என் கோர்ட்டுல வாய்தாங்கிற வார்த்தையே காதுல விழக்கூடாது" என்பது அவர் கொள்கை. கொள்கையில் தப்பில்லை. என் பக்கத்து பெஞ்சில் இருந்த அம்மாவுக்கு மகன் விசாரணைக் கைதியாக உள்ளே கிடக்கிறான். "இவராவது வந்தாரே" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் மனதுக்குள் கும்பிட்டேன், என் முறை வரும்வரை.

நம் வக்கீல் உன் ஆஸ்பத்திரிச் சான்றிதழை நீட்டினார். "ஐயா, தொட்டி விழுந்தப்போ பால்கனியில இருந்தது இவங்க அண்ணன் ஒருத்தர்தான். முழங்கால்ல ஆபரேஷன். ஒரு மாசம் போதும்."

அவர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "அண்ணன் வந்து தங்கச்சிக்கு எதிராவா சொல்லப் போறார்? வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான்."

கேட்பதற்கு முன்பே பதில் தெரிந்தவருக்குச் சாட்சி எதற்கு, கோர்ட்டுதான் எதற்கு? நான்கு வருடமாக எல்லாரும் வாய்தா வாங்கினார்கள். நான் கேட்டது இதுவே முதல் தடவை. ஊரார் தாமதம் அத்தனையும் என் தலையில் விடிந்தது. வேடிக்கை என்னவென்றால், அடிபட்ட வாத்தியாரே எழுந்து எனக்காகப் பேசினார், நீ வாங்கிக்கொடுத்த டீயெல்லாம் வீண்போகவில்லை. "ஐயா, அவர் வரட்டுமே. அவர் இல்லாம நான் ஜெயிச்சா நல்லாருக்காது."

"அடிபட்டது உங்களுக்குத்தானே?"

"ஆமாங்கய்யா. ஆனா நாலு வருஷமாச்சா, எந்தத் தோள்னே இப்ப சந்தேகமா இருக்கு."

"அதான் எழுதி வச்சிருக்கே. உட்காருங்க."

பிறகு டவாலி வாசலுக்குப் போய் வழக்கப்படி உன் பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டார். நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். சான்றிதழின் நகல் என் கைப்பையிலேயே இருந்தது. இருந்தும் முதல் முறை திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தேன். இரண்டாம் முறையும் பார்த்தேன். மூன்றாவது முறை பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு, பார்த்தேன். உன் பெயரை அவ்வளவு சத்தமாக யாராவது கூப்பிட்டு எத்தனை காலமாச்சு, அண்ணா? அம்மா போன பிறகு யார் கூப்பிட்டாங்க?

தொட்டி விழுந்த அன்று நான் அடுப்படியில் இருந்தேன். தொட்டியைத் தள்ளியது காற்றா, பூனையா, பறந்த துண்டை எட்டிப் பிடித்த உன் முழங்கையா, உனக்குத்தான் தெரியும். மாஜிஸ்திரேட்டிடம் காற்றையும் பூனையையும் மட்டும் சொன்னேன்.

தண்டனை என்ன தெரியுமா? கோர்ட்டு கலையும் வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நான்கு வருடமாக வேறென்ன செய்தேன்? உட்கார்ந்தேன். பக்கத்து இடத்தில் யாரும் உட்காராதபடி கைப்பையை வைத்துக்கொண்டேன், நீ டீ குடித்துவிட்டு வருவாயே என்று. பழக்கதோஷம்.

"சாட்சியைக் கேட்காமச் சொன்ன தீர்ப்பு நிக்காது மேடம், அப்பீல் போவோம்" என்கிறார் வக்கீல். வேண்டாம் என்றுவிட்டேன். இனி எந்த விண்ணப்பத்திலும் 'தண்டனை பெற்றவரா' என்ற இடத்தில் 'ஆம்' என்று எழுத வேண்டும். விண்ணப்பம் போடுகிற வயதும் போய்விட்டது. ஒரு பூந்தொட்டிக்காக உன்னை இன்னும் எத்தனை தடவை அலைக்கழிப்பது? போன தடவை நீ விட்டுப்போன துண்டு பால்கனிக் கொடியில் கிடக்கிறது. தபாலில் அனுப்பிவிடுகிறேன்.

மாத்திரையை வேளைக்குப் போடு. அண்ணி சொல்வதைக் கேள். இருவரும் நன்றாக இருங்கள்.

உன் தங்கை
(சட்டப்படி குற்றவாளி)

பி.கு.: ஒட்டி வைத்த கடிதத்தை ஒரு வாரம் கழித்துப் பிரித்து எழுதுகிறேன். காலையில் போய் அப்பீலில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜெயித்தால் உன்னைக் கூப்பிட்டு விசாரித்தே ஆக வேண்டுமாம். "அவர் அங்கேருந்தே வீடியோவுல சொல்லிடலாம், அலைய வேண்டாம்" என்றார் வக்கீல். அந்தக் கோர்ட்டில் வீடியோ சரியாக வேலை செய்யாது என்று சொல்லிவிட்டேன். செய்கிறதா என்று நான் விசாரிக்கவில்லை. துண்டு கொடியிலேயே இருக்கட்டும்.