சில்லு அண்ணையிடம் ஃபெயிலான டயர்கள்

ஜெர்மனியில் ஓடும் டயர்களில் ஒன்றைக்கூடச் சில்லு அண்ணை அதுவரை பாஸ் போட்டதில்லை. ஆம்புலன்ஸ், தபால் வண்டி, பனியை வழித்துத் தள்ள நகராட்சி அனுப்பும் ராட்சத வண்டி என எதுவானாலும் டயரைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, "உது பனிக்கு ஏலாது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். எங்கள் குடியிருப்பில் ஒரு தம்பதி, பிறந்த குழந்தையை முதன்முதலாகத் தள்ளுவண்டியில் வைத்துக் கீழே கொண்டுவந்தார்கள். எல்லோரும் குனிந்து குழந்தையைக் கொஞ்சினோம். இவரும் குனிந்தார். சக்கரத்தை அமுக்கிப் பார்த்தார். பாவம், அந்தக் குழந்தை வசந்தம் வரும்வரை வெளியே வரவில்லை.

டிரெஸ்டனில் எங்கள் வீட்டுக்கு நேர் கீழே அவர் வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசைந்தே ஓய்வு பெற்றவர். சக்கரத்தை அவர்கள் ஊரில் சில்லு என்பார்கள். அதனால் தமிழர்கள் எல்லோருக்கும் அவர் சில்லு அண்ணை; சொந்தப் பெயர் தபால்பெட்டியில் மட்டும் இருந்தது. இத்தனைக்கும் அவருக்கு லைசென்ஸ் கிடையாது. வாழ்நாளில் ஸ்டீயரிங்கைத் தொட்டதுகூட இல்லை. இதை ஒருநாள் மெதுவாகச் சொல்லிக்காட்டினேன். மனிதர் அசரவில்லை.

"கார் ஓடுறவன் ரோட்டைத்தான் பாப்பான் தம்பி. சில்லைப் பாக்க வேற ஆள் வேணும்தானே?"

இப்படிப்பட்டவருக்கு மேல்வீட்டில் இருந்துகொண்டு நாங்கள் எஸ்யூவி வாங்கினோம். ஆசைக்கு வாங்கவில்லை. என் மனைவி கவிதா சென்னையில் டாக்டராக இருந்தவள். இங்கே மறுபடியும் டாக்டராவதற்கு மொழித் தேர்வு, மருத்துவத் தேர்வு, காத்திருப்பு, மறுபடி காத்திருப்பு என்று வருஷக்கணக்கில் நாக்குத் தள்ளிய பிறகு ஒரே ஒரு மருத்துவமனை வேலை தந்தது. அது செக் எல்லைப் பக்கம், மலைமேல். டிசம்பரில் சேர வேண்டும். காலை ஷிஃப்டுக்குப் போய்ச் சேர பஸ் கிடையாது. மருத்துவமனைக்குப் பின்னால் ஊழியர்கள் வண்டி நிறுத்தும் இடம்வரை கடைசித் துண்டு வெறும் மண்பாதை. பனியில் வண்டி ஏறினால் வேலை, ஏறாவிட்டால் மறுபடி வீடு.

வண்டியை விற்றவர் சத்தியம் செய்யாத குறை. நான்கு சக்கரமும் இழுக்கும், கம்பெனியே போட்டுத் தந்த ஆல் சீசன் டயர், அதன் பக்கவாட்டில் மலையும் பனிப்பூவும் பொறித்திருக்கிறது, சட்டப்படி குளிர்காலத்துக்குப் போதும் என்றார். நாங்கள் அதை அப்படியே சில்லு அண்ணையிடம் ஒப்பித்தோம். அவர் டயருக்குப் பக்கத்தில் குந்தி, அந்தச் சின்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"மலை கீறியிருக்கு, பனிப்பூவும் கீறியிருக்கு. கீறினவன் மலைக்குப் போனவனோ?"

வண்டிக்குப் பூஜை போட்ட அன்று முதல் பரிசோதனை நடந்தது. நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, கவிதா வண்டியை மெதுவாக நகர்த்தினாள். நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணை நசுங்கிய பழங்களைப் பொறுக்கித் தட்டில் வரிசையாக அடுக்கினார். மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளி, ஒவ்வொன்றையும் ஸ்கேன் ரிப்போர்ட் பார்க்கிற மாதிரி பார்த்தார். முன்பக்க இடது பழத்தின் சாறு ஒரே பக்கமாகப் போயிருக்கிறதாம். பனியிலும் வண்டி அந்தப் பக்கம்தான் போகுமாம். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் பேசுகிற பேச்சா இது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கவிதா சிரித்துவிட்டாள். ஆனால் அன்று ராத்திரி சாப்பிடும்போது, "இடது பக்கம்னா பள்ளத்துப் பக்கமா, மலைப் பக்கமா?" என்று கேட்டாள்.

இரண்டாவது பரிசோதனை அக்டோபரில். நிஜப் பனி விழும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமையில்லை. பழைய தொழிற்சாலையிலிருந்து ஒரு மூட்டை மாவு வாங்கிவந்து, எங்கள் பார்க்கிங்கில் நிதானமாகத் தூவினார். முப்பது வருஷம் மாவு தூவிய கை. கோலம் போடுகிறவர்கள்கூட அவ்வளவு சீராகத் தூவ மாட்டார்கள். அதன்மேல் வண்டியை ஏற்றி, சட்டென்று பிரேக் போடச் சொன்னார். கவிதா போட்டாள். வெள்ளைப் புகை மூன்றாவது மாடி வரை எழும்பியது.

யாரோ ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, தெருவில் வெள்ளைத் தூள் விநியோகம் நடக்கிறது என்று போன் செய்திருக்கிறார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். ஒருவர் தூளை விரலில் தொட்டு முகர்ந்தார். மற்றவர் என்னை முகராத குறையாகப் பார்த்தார். மாவு என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, அண்ணை போலீஸ் வண்டியின் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு அதையும் ஃபெயில் ஆக்கினார். போலீஸ்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ஒன்றும் எழுதாமல் போய்விட்டார்கள். போகும்போது வண்டியை மிக மெதுவாக ஓட்டினார்கள். பிறகு தூறல் போட்டது. டயர் இடுக்கில் இருந்த மாவெல்லாம் பதமாகக் குழைந்து ஒட்டிக்கொண்டது. அதை நான் தோசைத் திருப்பியால் சுரண்டி எடுத்தேன்.

வேடிக்கை அதோடு முடிந்திருந்தால் தேவலை. நவம்பர் கடைசியில் கவிதா, "அந்த வேலை வேண்டாம்னு சொல்லிடவா?" என்று கேட்டாள். பள்ளத்தில் உருளுகிற மாதிரி கனவு வருகிறதாம். அத்தனை தேர்வுக்குப் பயப்படாதவள் ஒரு எலுமிச்சம்பழத்துக்குப் பயந்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கீழே போய் அண்ணையிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

"வேலையை விடச் சொல்லி நான் சொல்லேல்லையே தம்பி. சில்லைத்தானே சொன்னனான்" என்றார். பிறகு, மலையில் பனி விழுந்ததும் மூன்று பேரும் ஒருமுறை போய்ப் பார்த்துவிடலாம் என்றார்.

அடுத்த ஞாயிறே விழுந்தது. அண்ணை பின்சீட்டில் மண்மூட்டை, மண்வெட்டி, தன் வீட்டு வாசல் மிதியடி, அரை டஜன் எலுமிச்சம்பழம் சகிதமாக ஏறிக்கொண்டார். தார்ச்சாலை முழுக்க வண்டி சமர்த்தாக ஏறியது. மண்பாதை தொடங்கியதும் அண்ணை நிறுத்தச் சொன்னார். பனி ஒரு பாடம், மண் இன்னொரு பாடம். உள்ளே உட்கார்ந்தால் சில்லு தெரியாது என்று இறங்கி, பின்சக்கரத்தின் மேல் கண்ணை வைத்தபடி கூடவே நடந்தார். கவிதா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். வண்டி ஒரு சறுக்குச் சறுக்கி, பிடித்துக்கொண்டு, மேலே போய் நின்றது. திரும்பிப் பார்த்தால் அண்ணையைக் காணோம்.

அவர் பாதையின் அடிவாரத்தில் மல்லாந்து கிடந்தார். ஊர் டயரையெல்லாம் பரிசோதித்தவர் காலில், அடிப்பாகம் வழவழவென்று தேய்ந்த ஒரு பழைய செருப்பு.

நான் கதவைத் திறப்பதற்குள் கவிதா வண்டியைத் திருப்பிவிட்டாள். அந்தச் சரிவில் இறங்கவே பயந்தவள், பயம் என்ற ஒன்று இருப்பதையே மறந்து கீழே ஓட்டினாள். வண்டி அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில், இம்மி பிசகாமல் நின்றது. அண்ணை எழுந்திருக்க முயற்சிக்கவில்லை. படுத்த வாக்கிலேயே கையை நீட்டி, முன்பக்க இடது டயரைக் கட்டைவிரலால் அமுக்கினார்.

"பிள்ளை, இது நிக்குது. நீங்கள் வேலைக்குப் போங்கோ."

கணுக்கால் சுளுக்கு. கட்டுப் போட்டது கவிதாதான். அந்த மலையில் அவளுடைய முதல் நோயாளி அவர்.

இப்போது பனி நாட்களில் வண்டியைப் பார்க்க அண்ணை கீழே வந்தால், கவிதா முதலில் அவர் காலைத் தூக்கச் சொல்லி, பூட்ஸின் அடியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பாள். அவளே வாங்கிக்கொடுத்த புது பூட்ஸ்தான். "ஏலாது, உள்ள போங்கண்ணே" என்பாள். அவரும் மறுபேச்சில்லாமல் உள்ளே போய் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்.

மலைக்குப் போய்ச் சேர்ந்ததும் கவிதா முதலில் கூப்பிடுவது அவரைத்தான். கட்டிய புருஷன் மேல்வீட்டில் இருக்கிறேன் என்று நான் ஒருமுறை சண்டைகூடப் போட்டேன். ஆனால் அவர் வீட்டு போன் மணி எங்கள் சமையலறை வரை கேட்கும். அது அடித்து, அவர் எடுத்து, "ஓம் பிள்ளை" என்று சொல்லும்வரை நானும் என் காபியைத் தொடுவதில்லை.